ஐம்பத்திரண்டில் நின்ற கோடு

டுலூத் நகரத்து ஏரிக்கரை ஆய்வகத்தில், கருவி ஓடும் நாளெல்லாம் முதலில் ஊசி ஏறும் கை, அங்கே பதிவேடு எழுதும் லெம்பி ஹார்யுவின் கைதான். காலை ஏழு மணிக்கு உதவியாளன் கர்ட்டிஸ் அவளுடைய இடக்கையிலிருந்து ஒரு குழாய்க் குருதி எடுப்பான். அதன் பின்பே ஊராரின் குழாய்கள் திறக்கப்படும். பதினான்கு ஆண்டுகளாக இந்த முறை மாறவில்லை.

குருதியில் உலவும் காவல் அணுக்களுள் சில, பகை முகம் இன்னும் காணாத இளையவை. சில, போர் பல கண்டு மூத்தவை. வயது ஏறும்போது, இளையவற்றை ஈன்று தரும் நெஞ்சுக்கூட்டுச் சுரப்பி வற்றுகிறது, மூத்தவை பெருகுகின்றன. அந்த விகிதத்தை அறியவே கருவி. இளமைக்கு அடையாளமான புரதத்தின்மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிடுவார்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாக விழும். நன்றாக ஒளிர்வன மேலே, மங்கியவை கீழே. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலிருப்பன இளையவை.

அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. கருவியின் ஒளி நாளுக்கு நாள் சற்றே மாறும். பிற ஆய்வகங்களில் அதற்கென்று பிளாஸ்டிக் மணிகளை ஓடவிட்டுச் சரிபார்ப்பார்கள். தலைவர் ஆர்வில் ஸ்டென்ஸ்ருட் அதை ஏற்கவில்லை. "பிளாஸ்டிக்குக்கு உயிர் ஏது? உயிரை உயிராலதான் அளக்கணும்" என்பார். முதல் நாள், நாற்பத்துநான்கு வயது லெம்பியின் குருதியில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு அணுக்கள் இளையவையாக இருந்தன. ஆகவே, அன்றுமுதல் ஒவ்வொரு காலையும் அவளுடைய எண் ஐம்பத்திரண்டுக்கு வரும்வரை கோட்டை நகர்த்தினார்கள். அதே கோட்டால் ஊராரை அளந்தார்கள்.

அறுபத்தைந்தைக் கடந்த இருநூற்றுப் பன்னிருவரை இப்படி ஆண்டுதோறும் அளந்ததில் ஓர் அற்புதம் விளைந்தது. அவர்களுடைய காவல் அணுக்கள் மூப்படையவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அவற்றின் இளமை கூடியது. இலையுதிர் காலந்தோறும் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் போகும்: உங்கள் காவல் அணுக்களின் வயது இத்தனை. மக்கள் அதைக் குளிர்ப்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்துக்கொண்டார்கள்.

சென்ற பிப்ரவரியில், அவர்களுள் ஒருவரான வால்ஃப்ரெட் நைபெர்க் எண்பத்துமூன்றாம் வயதில் நுரையீரல் காய்ச்சலில் இறந்தார். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் பரிமாறியபோது, அவர் மனைவி லெம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தடுப்பூசி போட்டுக்கோங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'உனக்குக் கடுதாசி வாசிக்கத் தெரியாதா? எனக்கு அறுபத்தொண்ணுதான்'னு சிரிச்சார்." லெம்பி அன்று இரவு செபித்தாள், விதி என்று மனத்தை ஆற்றிக்கொண்டாள்.

இப்போது அக்டோபர். இந்த ஆண்டுக் கடிதங்கள் உறையிடப்பட்டு, திங்களன்று அஞ்சலில் சேர்ப்பதற்காக அவள் மேசைமேல் பெட்டியில் அடுக்கியிருந்தன. குளிர் தொடங்குமுன் அவை வீடுகளுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மதியம் கர்ட்டிஸ் ஒரு தாளோடு வந்தான். ஸ்டென்ஸ்ருட்டின் கட்டுரையை ஏற்குமுன், வேறொரு முறையாலும் உறுதிசெய்யுமாறு ஆய்விதழார் கேட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் உறையவைத்த மிச்சக் குருதியில் அவன் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தான். சுரப்பியில் ஓர் அணு பிறக்கும்போது, அதன் மரபிழையிலிருந்து வெட்டுண்ட சிறு துண்டு வளையமாகி உள்ளே தங்கும். அணு இரண்டாகப் பிரியும்போது வளையம் இரண்டாவதில்லை. ஒரு மகவுக்கு மட்டுமே போகும். அதனால் வளையம் அருகினால் மூப்பு மிகுந்தது என்று பொருள். இங்கே கோடு எதுவும் இல்லை, எண்ணினால் போதும்.

"அக்கா, எங்கயோ சொதப்பிட்டேன். ஊர்ல எல்லாருக்கும் வளையம் கொறைஞ்சுக்கிட்டே வருது. எல்லா ஊர்க் கிழடுங்க மாதிரியேதான்."

"திரும்ப ஓட்டிப் பார்த்தியா?"

"மூணு வாட்டி. இதுல ஒரு கூத்து பாருங்க, இந்த ஒரு குழாய் மட்டும் மத்தவங்களைவிட விறுவிறுன்னு கெழடு தட்டியிருக்கு. யாரு பெத்த கிழவியோ, பாவம்."

பெயரில்லாத குழாய்களின் எண்களை அறிந்தவள் லெம்பி மட்டுமே. தாளைப் பார்த்தாள்.

"அந்தக் கிழவி நான்தாண்டா."

"அக்கா, நான் சும்மா..." என்றான் கர்ட்டிஸ். அவள் அதற்குள் பழைய பதிவேட்டைத் தேடி எழுந்துவிட்டாள்.

பதினான்கு ஆண்டுகளில் கோடு நின்ற இடமெல்லாம் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. அது ஏறவே இல்லை. மணல்மேட்டை அலை அரிப்பதுபோல் நூல் நூலாக இறங்கியே வந்திருந்தது. அன்று காலை எடுத்த தன் குருதியின் புள்ளிகளைத் திரைக்கு அழைத்து, கோட்டை முதல் நாள் நின்ற இடத்தில் வைத்தாள். எண் முப்பத்தொன்று என்று வந்தது. அவளுக்காகக் கோட்டை இறக்க இறக்க, ஊராரின் மங்கிய அணுக்களும் கோட்டுக்கு மேலே இளையவையாக எண்ணப்பட்டிருந்தன. தன் இளமை போயிற்றே என்று அந்தக் கணத்தில் அவள் நெஞ்சு வருந்தவில்லை. மேசைமேலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

ஸ்டென்ஸ்ருட்டுக்கு எழுபத்தாறு வயது. இந்தக் கட்டுரையோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவள் பதிவேட்டை அவர் முன் விரித்தாள்.

"டாக்டர், கோடு இறங்கிக்கிட்டே வந்திருக்கு."

"லேசர் மங்கும் லெம்பி. அதுக்குத்தானே கோடே."

"லேசரை மூணு தடவை மாத்தினோம். புதுசு போட்ட மறுநாளாவது கோடு மேல ஏறியிருக்கணும். ஏறல." சற்று நிறுத்தினாள். "மங்கினது லேசர் இல்ல டாக்டர். நான்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். முதல் மூன்றாண்டுகள் கோட்டை நகர்த்தியது அவருடைய கை. ஓரங்களில் அவருடைய முதலெழுத்துகள் இருந்தன.

"கட்டுரையை நிறுத்திடறேன்" என்றார் கடைசியில். "ஆனா கடுதாசி போகட்டுமே. ஒரு நம்பர்தானே? வயசானவங்களுக்கு அது ஒரு சந்தோஷம். அடுத்த வருஷம் நிதானமா சொல்லிக்கலாம்."

"வால்ஃப்ரெட் வீட்டு ஃப்ரிட்ஜ்ல அந்தச் சந்தோஷம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு டாக்டர். நான் போன வாரம்கூடப் பார்த்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெறுங்கண்ணோடு அவரை அவள் பார்த்ததே இல்லை; முகம் யாரோ ஒரு கிழவருடையதுபோல் இருந்தது.

"ஒவ்வொரு வருஷமும் நம்பர் வர்றப்ப எனக்குள்ள ஒரு பூரிப்பு" என்றார். "அந்தப் பூரிப்புல கேக்க வேண்டியதைக் கேக்காம விட்டுட்டேன்."

"நான் கூப்பிட்டுச் சொல்றேன். என் ரத்தம்தானே."

"அளந்தது உன் ரத்தம். கடுதாசியில கையெழுத்து என்னோடது. பட்டியலைக் குடு."

ஆய்விதழுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினார். கர்ட்டிஸ் கடிதப் பெட்டியைக் குப்பைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பட்டியலில் முதற்பெயர் ஆர்விட் ஆஹோ. இரும்புத்தாதுக் கப்பலில் நாற்பதாண்டு உழைத்தவர். ஸ்டென்ஸ்ருட் தொலைபேசியை மேசைமேல் வைத்து, லெம்பிக்கும் கேட்குமாறு ஒலியைக் கூட்டினார்.

"என்ன டாக்டர், நேர்லயே கூப்பிடறீங்க! போன வருஷம் அறுபத்திரண்டு. இந்த வருஷம் அறுபதா? எங்கூட்டுக்காரி பொறாமையில வெந்து சாகட்டும்."

"எண்பத்தெட்டு, ஆர்விட்."

"அது என் வயசுல்ல?"

"ஆமா. உங்க அணுக்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான். இத்தனை வருஷமா நான் அனுப்பினது தப்பு. அளவுகோலுக்கே வயசாயிருந்தது, நான் கவனிக்கல. இந்த வருஷத் தடுப்பூசியெல்லாம் போட்டுட்டீங்களா?"

"எதுக்குப் போடறேன்? அறுபத்திரண்டு வயசுக்காரன்!" குரல் சிரிப்பில் தொடங்கி நடுவில் அறுந்தது. மறுமுனையில் யாரோ ஒரு பெண் என்னவென்று கேட்டாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு மருத்துவமனை திறக்குது" என்றார் ஸ்டென்ஸ்ருட். "வண்டி வேணும்னா நான் வர்றேன்."

"ஊசி இருக்கட்டும். போன குளிருக்கு, காய்ச்சல்ல கெடந்த என் தம்பி பக்கத்துல பத்து நாள் படுத்துக்கெடந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நான் செத்திருந்தா?"

"ஆமா."

"என்னய்யா ஆமா? உங்களை நல்லா நாலு கேக்கணும்போல இருக்கு டாக்டர்."

"கேளுங்க."

கப்பல் தளத்தில் காற்றை மீறிக் கத்திப் பழகிய குரல் அது. கெட்ட வார்த்தைகளும் இருந்தன. லெம்பி ஒலியைத் தணிக்கக் கை நீட்டினாள். ஸ்டென்ஸ்ருட் அந்தக் கையை மெல்ல விலக்கினார். இரு கைகளையும் மேசைமேல் வைத்து, தலை தாழ்த்தி, ஒரு சொல்லும் விடாமல் கேட்டார்.

திட்டு ஓய்ந்து, மூச்சு வாங்கும் ஓசை மட்டும் வந்தது. பிறகு, "எட்டு மணின்னா ஏழரைக்கு வாங்க" என்றார் ஆர்விட்.