ஃப்ளெக்ஸில் போட வேண்டிய வரி

1

என் விமானத்துக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருக்கிறது. இந்தக் கதைக்கும் அவ்வளவுதான்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை, திண்டிவனத்தில் குமரேசன் மாமாவின் ஃப்ளெக்ஸ் கடையில், அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. டவுன் பஸ் பிடித்து ஒலக்கூருக்கு வந்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நடந்தது எனக்குத்தான். ஆனாலும் கதைக்குள் என் பெயரைச் சங்கவி என்று வைத்துக்கொள்கிறேன். வேறு பெயரில் இருந்தால் எனக்குப் பேச்சு வரும். (விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் பகுதியில் தெரியும்.)

2

முதல் வரி, முதல் முயற்சி:

"சங்கவிக்கு வயது இருபத்தாறு. வியட்நாமில் ஹைபோங் என்ற துறைமுக நகரத்தில் ஆங்கிலம் கற்பித்த வேலை முடிந்து, இப்போது மங்கோலியாவில் தார்கான் என்ற ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறாள்."

பயோடேட்டா மாதிரி இருக்கிறது. தகவல் சரி என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.

இரண்டாம் முயற்சி:

"ஹைபோங்கில் அன்று விடியும்போதே மழை"

நிறுத்திவிட்டேன். ஹைபோங் மழை அப்பாவின் துறை. அப்பா தேவநாதன் ஒன்றரை வருடமாகக் காலையில் எழுந்து கைபேசியில் ஹைபோங் வானிலையைப் பார்த்த பிறகுதான் கடலைக் கொல்லைக்குப் போனார். ஒலக்கூர் வானிலைக்கு அண்ணாந்து பார்த்தால் போதும் என்பார். மங்கோலிய வேலை உறுதியானதும் தார்கானுக்கு மாறிவிட்டார்.

"மைனஸ் இருவத்தெட்டாம். மைனஸ்னா இன்னா கண்ணு, கீழ எறங்கிக்கினே போவுமா?"

"ஆமாம்பா."

"எங்கதான் போயி நிக்கும்?"

சங்கவி பி.எஸ்சி. வேதியியல். தெரிந்ததை மறைக்க முடியாமல், மைனஸ் இருநூற்று எழுபத்து மூன்றில் நிற்கும் என்று சொல்லிவிட்டாள். அம்மா பாஞ்சாலி அன்று இரவு சாப்பிடவில்லை.

3

சங்கவி என்ற பாத்திரத்தின் மீது எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உங்களுக்கும் வரும். இவ்வளவு கூச்சம் உள்ளவள் எப்படி ஆசிரியை ஆனாள்?

விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவள் குரல் தெரியாது. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பதைக்கூடச் சொல்ல மாட்டாள். அவளே தள்ளி உட்காருவாள். ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் பேசுவது அவள் இல்லை, வேறு யாரோ. அந்த வேறு யாரோவுக்குக் கூச்சம் கிடையாது. இணையத்தில் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கியதும் அந்த வேறு யாரோதான்.

ஹைபோங்கில் அவள் சேர்ந்த மொழிப் பயிற்சி மையம் (பெயரை எழுதப் போவதில்லை) அதை இன்னும் எளிதாக்கிவிட்டது. முதல் நாளே இயக்குநர் அம்மையார் சொன்னார்: பெற்றோர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக இருக்கும் நாட்டிலிருந்து ஆசிரியை வேண்டும் என்கிறார்கள். உன் நிறத்துக்குத் தென்னாப்பிரிக்கா பொருந்தும். பெயர் சாண்டி.

அவர் கெட்டவர் இல்லை. சட்டையின் அளவு கேட்பது போலத்தான் கேட்டார். சங்கவியும் சட்டையைப் போட்டுக்கொள்வது போலத் தலையாட்டினாள்.

குழந்தைகள் கேட்டார்கள். "மிஸ் சாண்டி, உங்கள் ஊரில் சிங்கம் வருமா?"

"எப்போதாவது வரும்."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குப் பின்னால்."

வீட்டுக்குப் பின்னால் வருவது காட்டுப்பன்றி. மல்லாட்டையை (நிலக்கடலையை) தோண்டித் தின்றுவிட்டுப் போகும். அதைச் சொல்லியிருந்தால் குழந்தைகள் இன்னும் அதிகம் ரசித்திருப்பார்கள் என்று எனக்கு — சங்கவிக்கு — ஒவ்வொரு வகுப்பிலும் தோன்றியது.

4

இப்போது மாமா.

குமரேசன் அம்மாவின் தம்பி. அவரை எழுதும்போது பேனா நின்று நின்று போகிறது. மிகவும் நல்லவராக வந்துவிடுகிறார். நல்லவர்களை வாசகர்கள் நம்புவதில்லை. எனவே குறைகளையும் எழுதுகிறேன். யார் பேசினாலும் கைபேசியை ஸ்பீக்கரில் போடுவார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குள் அடுத்த கேள்வியைக் கேட்பார். அவர் அடிக்கும் எல்லா ஃப்ளெக்ஸிலும், காதணி விழாவோ கண்ணீர் அஞ்சலியோ, கடையின் போன் நம்பர் கதாநாயகரின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

சங்கவி ஹைபோங்கில் ஒரு வருடம் முடித்தபோது மையம் அவளுக்குச் சிறந்த ஆசிரியை சான்றிதழ் கொடுத்தது. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மறுநாள் காலை ஒலக்கூர் பேருந்து நிறுத்தத்தில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்தது.

"ஒலக்கூர் பெற்றெடுத்த ஆங்கிலச் சிங்கமே! வியட்நாமை வென்ற வீரத் தமிழச்சியே!"

(வியட்நாமை வெல்லப் போனவர்களின் கதி பற்றி மாமாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.)

தலை சங்கவியுடையது. கோட்டும் டையும் யாருடையதோ. கீழே வரிசையாக உறவினர் முகங்கள். நடுவில் காதில் போனோடு மாமா. அவர் அதைப் படம் எடுத்து முகநூலில் போட்டார். மையத்தின் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதையும் அந்தப் பதிவில் டேக் செய்துவிட்டார். "அவங்களும் பாக்கட்டும், எப்பேர்ப்பட்ட ஊர்ல இருந்து வந்த பொண்ணுன்னு" என்று குரல் செய்தி வேறு.

அப்பா அந்த ஃப்ளெக்ஸ் கிழிந்த பிறகும் எறியவில்லை. மழைக்கு மல்லாட்டை மூட்டையின் மேல் போர்த்த அதைவிட நல்லது கிடையாது.

5

அதற்குச் சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, இயக்குநர் அம்மையார் சங்கவியை அறைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். பிறகு,

[வேலை ஏன் போனது என்பது இங்கே வர வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.]

வீட்டுக்கு வந்து, "நானே விட்டுட்டேன், வேற நல்லதா பாக்கப் போறேன்" என்றாள். இரண்டாம் பாதி உண்மை.

அடுத்த வேலைக்கான நேர்காணல் இதே மொட்டை மாடியில் நடந்தது. இங்குதான் சிக்னல் கிடைக்கும். தார்கான் பள்ளியின் தலைமையாசிரியை பெயர் ஓயுனா. சாண்டியின் குரல் தயாராக இருந்தது. தென்னாப்பிரிக்காவும் தயாராக இருந்தது. எந்த ஊர் என்று ஓயுனா கேட்ட நேரம், மழை விட்டதென்று அப்பா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். கொட்டிப் பரப்பினார். திரையைப் பார்த்தார்.

"யாரு கண்ணு, வியட்நாமா?"

"இல்லப்பா, மங்கோலியா."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்கு நேராக நின்று வணக்கம் வைத்தார். அந்தப் பக்கம் ஓயுனாவும் கைகூப்பினார். அவர் யார் என்று கேட்டார்.

சிங்கம் வரும் ஊரில் இப்படி ஒரு அப்பா இருக்க வழியில்லை.

"என் அப்பா. இது ஒலக்கூர். அவர் நிலக்கடலை காய வைக்கிறார்" என்றாள். ஆங்கிலத்தில்தான். ஆனால் முதல் முறையாக அது அவள் குரலாக இருந்தது. ஓயுனாவின் அப்பா ஆடு மேய்ப்பவராம். அவரும் இப்படித்தான் குறுக்கே வருவாராம். மீதி நேர்காணல் முழுவதும் காட்டுப்பன்றி பற்றி.

6

இன்று காலை.

கடையில் செந்தாமரை கணினி முன் இருந்தாள். மாமாவின் வடிவமைப்பாளர், கணக்காளர், சண்டைக்காரி எல்லாம் அவள்தான். மாமா சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மங்கோலியாவை மிரள வைக்க..."

"போன வாட்டி வென்ற, இந்த வாட்டி மிரள வைக்க. பாவம்ணே அந்த ஊரு" என்றாள் செந்தாமரை.

"மாமா, ஃப்ளெக்ஸ் வேணாம்" என்றாள் சங்கவி.

"வேணாம்னா? சின்னதா, ஆறுக்கு நாலு போடட்டா?"

"இல்ல மாமா. வேணாம்."

"என் மூஞ்சிய எடுத்துடட்டா?"

"அதில்ல மாமா."

"அப்ப ஊரு பேர எடுக்கணுமா?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மாமா பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஒலக்கூர்னு சொல்லிக்க வெக்கமா இருக்குதா உனக்கு?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஒன்றரை வருடம் வேறு ஊரைச் சொன்னவளுக்கு அந்தச் சொல் உடனே வரவில்லை. காரணத்தைச் சொன்னால் மாமா தாங்க மாட்டார். சொல்லாவிட்டால், தன்னையும் ஊரையும் பார்த்துக் கூசுகிறவள் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டையும் எடை போட்டு முடிப்பதற்குள் அவர் திரும்பிக்கொண்டார்.

"செந்தாமர, அத டெலிட் பண்ணு. அக்காகிட்ட சொல்லிடு, ஏர்போர்ட்டுக்கு வேற டிரைவரப் பாக்கச் சொல்லி. எனக்கு அன்னிக்கி வேல கீது."

எங்கள் வீட்டிலிருந்து யார் வெளிநாடு போனாலும் வேன் நிறைய ஆட்கள் போவோம். ஓட்டுவது மாமா. அவர் இல்லாமல் இதுவரை யாரும் போனதில்லை.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சங்கவி எதுவும் சொல்லவில்லை. வேன் கிளம்புகிறது. திண்டிவனத்தில் மாமாவின் கடை வழியாகப் போகும்போது ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே ஒரு ஜோடிக் கால்கள் மட்டும்...

அடித்துவிட்டேன். ஒலக்கூரிலிருந்து சென்னைக்குப் போகத் திண்டிவனம் வழியில் வராது. எதிர்ப்பக்கம். கதைக்காக ஊரை நகர்த்த எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் முடிவு: விமானம் ஏறும் முன் குரல் செய்தி அனுப்புகிறாள். மாமா அதை டீக்கடையில் ஸ்பீக்கரில் போடுகிறார். திண்டிவனமே கேட்கிறது. முடியாது.

மூன்றாம் முடிவு: தார்கான் போய்ச் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து, சிரித்துக்கொண்டே சொல்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. கூச்சமுள்ளவர்கள் எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு வருடம் மாமா என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்பதை மட்டும் அதில் எழுதத் தேவையில்லை.

மூன்றும் மாடியில் உட்கார்ந்து எழுதியவை. வேதியியலில் செய்யாத சோதனைக்கு விடை எழுதினால் மதிப்பெண் கிடையாது. தாளை மடித்து வைத்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

(சங்கவி ஏறினாள் என்று இருக்க வேண்டும். விட்டுவிடுங்கள். இனி அவள் தேவைப்பட மாட்டாள்.)

8

கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தையின் காது குத்து, ஒரு அடி ஒரு அடியாக வெளியே வந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை.

"வாங்கக்கா. அண்ணன் மத்தியானம் சாப்புடவே இல்ல" என்றாள் செந்தாமரை.

"சாப்ட்டேன்னு சொல்லு."

"சாப்ட்டாராம். டிபன் பாக்ஸ் தொறக்கல, எப்படி சாப்ட்டாரோ."

"எதுக்கு வந்துக்கிறாங்கன்னு கேளு."

"எதுக்குக்கா வந்துக்கிறீங்க?"

"ஃப்ளெக்ஸுக்கு டெக்ஸ்ட் குடுக்க" என்றேன்.

மாமா தலையை மட்டும் கொஞ்சம் திருப்பினார். இயந்திரத்தை நிறுத்தினார். அந்தக் கடை சத்தமே இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. செந்தாமரை விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வாசகரே, நான் சொன்ன பிறகு மாமா என்ன செய்தார் என்பதை எழுதப் போவதில்லை. அவரை உங்களுக்கு இப்போது தெரியும். அழுதாரா, சிரித்தாரா, ஹைபோங்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் சண்டை பிடித்தாரா, வேன் சாவியை எடுத்தாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் பகுதியில் விட்ட இடத்தை மட்டும் நான் நிரப்ப வேண்டும். நிரப்பியது இப்படி:

"மாமா, நீங்க வெச்ச ஃப்ளெக்ஸாலதான் எனக்கு அந்த வேல போச்சு. அங்க என்னத் தென்னாப்பிரிக்கான்னு சொல்லி வெச்சிருந்தாங்க. நானும் ஆமா ஆமான்னு சொல்லிக்கினு இருந்தேன். நீங்க ஃபேஸ்புக்ல போட்டதப் பசங்களோட அம்மாங்க அவங்க பாஷையில மாத்திப் படிச்சிட்டாங்க. இந்த வாட்டி ஒலக்கூர்ன்றத உங்க போன் நம்பரவிடப் பெருசா போடுங்க."