தாமதமாகக் கட்டிய குச்சு

ஏழு புள்ளி ஒன்று. நம்பிக்கை வராமல் வள்ளியின் அடுத்த விரலிலும் குத்திப் பார்த்தேன். அதே எண்தான். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ரத்த அளவு பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. இவளுக்கு நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"வயசுக்கு வந்தாச்சா கண்ணு?"

"இன்னும் இல்லீங்க நர்சம்மா," என்று அவள் அம்மா அத்தாயி முந்திக்கொண்டாள்.

செம்மநத்தத்துக்கு நான் நர்ஸாக வந்து ஆறு வருடமாகிறது. எனக்கு ஒரு கெட்ட குணம். கணக்கு உதைத்தால் தூக்கம் வராது. பூச்சி மாத்திரை போன மாதமே கொடுத்தாயிற்று. களியும் கீரையும் வயிறு நிறையத்தான் தின்கிறாள். பிறகு ரத்தம் எங்கே போகிறது? குடிக்கத் தண்ணீர் கேட்டு அத்தாயியை உள்ளே அனுப்பினேன்.

வள்ளி எண் தெரிந்த அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கேட்டாள்.

"அக்கா, மொதத் தடவ வர்றது, மறுக்காவும் மொதத் தடவையா வருங்களா?"

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு காப்பிப் பழம் பறிக்கக் குடும்பத்தோடு குடகுக்குப் போனார்கள். அங்கே எஸ்டேட் லைன் வீட்டில்தான் வயசுக்கு வந்திருக்கிறாள். தாய்மாமன் பச்சைத் தழையில் குச்சு கட்டி உட்கார வைக்காமல் இங்கே எந்தப் பெண்ணும் வயசுக்கு வந்ததாகக் கணக்கில்லை. மாமனோ ஊரில். திரும்பியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா மறைத்தாள். திரும்ப ஐந்து மாதமானது. அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. மாதம் பத்து நாள் பெருக்கெடுக்கிறது. ஈரத்துணியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துக் காயவைக்கிறாள்.

அத்தாயி செம்போடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா அவரு ஊட்டு வாசல மிதிக்க முடியாதுங்க. தை வரைக்கும் பொறுங்க. புதுசா வந்தாப்பல சொல்லிப்போடறேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "தை வரைக்கும் உம்பொண்ணு தாங்கோணுமே! இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்," என்று சொல்லி ஜீப்புக்குப் போன் போட்டேன்.

அத்தாயி மகளின் வெளுத்த விரலையே பார்த்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு நாலு வீடு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று காதைத் தீட்டியும் எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் அங்கப்பன் யாரையும் பார்க்காமல் கொல்லைப்புறம் போனார். நாலு கம்புகளை இழுத்து வந்து வள்ளி வீட்டு வாசலில் போட்டார். பட்டை காய்ந்து உரிந்த பழைய கம்புகள்.

"குச்சுக்குன்னு ரெண்டு வருசமா வெட்டி வெச்சிருக்கறனுங்க," என்றார் என்னிடம். "இப்பச் சொல்லுவா, அப்பச் சொல்லுவான்னு பாத்தேன்."

ஜீப் வந்து ஹாரன் அடித்தது. நேரமில்லை என்றேன்.

"பத்து நிமிசங்க. புள்ள ஒக்காந்து எந்திரிச்சுப் போகட்டும்."

வேலியோரம் தழை ஒடித்து வந்து கட்டினார். வள்ளி குனிந்து உள்ளே போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றேன். ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

"அக்கா, உள்ள நொம்பக் குளுகுளுன்னு இருக்குதுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஜீப் மஞ்சக்குட்டை ரோட்டில் திரும்பும்போது வள்ளி எட்டிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஆளில்லாத குச்சில் ஓட்டை தெரிந்த இடங்களில் அங்கப்பன் இன்னும் தழை செருகிக்கொண்டிருந்தார்.