அண்ணனின் அகலம்

அண்ணனின் தொடை கதவு நிலையைத் தாண்டி அறைக்குள் வந்துவிட்டதால், தங்கை தன் தையல் மிஷினை ஜன்னல் வழியாகச் சந்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். கம்பிகளைக் காலையில்தான் அறுத்திருந்தார்கள். வெளியே எதிர்வீட்டு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்தார். பாதி தூரம் போன மிஷின், இரும்புக் கால் ஜன்னல் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, போகவும் இல்லை, வரவும் இல்லை. அவள் முதுகில் தொடை வந்து பட்டது. மழையில் நனைந்து காயாத மெத்தை மாதிரி, சில்லென்று, கொழகொழவென்று. பட்ட இடத்தில் ரவிக்கை ஒட்டிக்கொண்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். அந்த வீட்டில் அவளுக்கென்று அப்பா எழுதிவைத்தது அந்தப் பின்னறை ஒன்றுதான். அவள் சோறு அந்த மிஷின் ஒன்றுதான்.

அண்ணன் பிறவியிலேயே பருமன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடைக்கம்பி மாதிரி இருந்தார். ஆபீஸில் மேலதிகாரியிடமிருந்து ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தார்: அட்ஜஸ்ட். பஸ்ஸில் இரண்டு பேர் உட்கார்ந்த சீட்டில் நுனியை மட்டும் வைத்து, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்பார். இறங்கும்போது சீட்டில் அவர் மட்டும் இருப்பார். வரிசையில் நடுவே நுழையும்போது அதே வார்த்தை. கோப்பு நகர வேண்டுமா, நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும் என்று மேஜை டிராயரை ஒரு சாண் திறந்து வைப்பார். சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் தலையில் குடிகார மாப்பிள்ளையைக் கட்டிவைத்துவிட்டு, அழுதவளிடம் அதே வார்த்தை. கேட்டவர்கள் எவ்வளவு ஒதுங்கினார்களோ அவ்வளவு அவர் அகலமானார். அரை விரல் ஒதுங்கினால் அரை விரல். டாக்டர் வாயு என்றார். அதற்கும் ஒரு மாத்திரை இருந்தது.

தங்கை அப்போது ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் தையலைப் பார்க்கிற சாக்கில் தோளில் கை வைப்பான். கை தோளோடு நிற்காது. அண்ணனிடம் வந்து சொன்னாள். நல்ல கம்பெனி, இதெல்லாம் பெரிசு பண்ணாதே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றுவிட்டு அவர் செய்தித்தாளைத் திருப்பினார். அவள் ஒரு மாதம் அட்ஜஸ்ட் செய்தாள். அந்த மாதத்தில் அண்ணனுக்கு மூன்றாவது தாடை முளைத்தது. தாடைகளுக்கு நடுவே வேர்வை தேங்கி, அதில் கொசு முட்டையிட்டது. அவள் வேலையை உதறிவிட்டு, பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் போட்டாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தைக்கு அவள் ஒரு இம்மியும் நகரவில்லை. அதனால்தான் மற்ற பக்கமெல்லாம் வழிந்த அண்ணன், அவள் கதவு நிலையில் மட்டும் வருஷக்கணக்காக முட்டிக்கொண்டு நின்றார்.

மற்ற பக்கத்தைச் சொல்லவே வாய் கூசுகிறது. வயிறு பக்கத்துப் போர்ஷன் மருந்துக்கடைக்காரரின் சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அடுப்பு மேடையில் சாய்ந்தது. தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும். கடைக்காரர் மனைவி கரண்டியை வைத்துவிட்டு ஈரத்துணியால் துடைப்பாள். மடிப்புகளில் சோற்றுப் பருக்கையும் முடியும் பூஞ்சையும் சேரும், முறைபோட்டுச் சுரண்டினார்கள். முழங்கை மாடிப்படி வழியாக ஏறி, ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியாரின் அறைக்குள் எட்டிப் பார்த்தது. அவர் அதில் துண்டு காயப்போட்டார். “இங்கிலீஷ்காரன் அட்ஜஸ்ட்டை நாற்காலிக்குச் சொல்வான், கண்ணாடிக்குச் சொல்வான்,” என்று துண்டை உதறிக்கொண்டே ஒருநாள் சொன்னார். “நம்மகிட்ட நாற்காலி நாற்காலியாவே இருக்கும். உட்கார்றவன் முதுகைத்தான் திருகணும்.” சொல்லிவிட்டு முழங்கைக்கு இடம் விட்டுக் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

எந்த வருஷமென்று யாரும் குறித்து வைக்கவில்லை; அண்ணன் குரல் கேட்பது நின்றது. முகம் தெருப்பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடுக்கில் அண்ணி மட்டும் தட்டோடு போய் வருவாள். அவர் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெரியவர், முடியாதவர், நாமதான் அட்ஜஸ்ட் பண்ணணும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சதையில் முன்பு இருந்த சூடு போய்க் குளிர்ச்சி வந்தது. நகம் வெட்டுகிற வேலையும் மிச்சமானது. கோடையில் மருந்துக்கடைக்காரரின் பிள்ளைகள் வயிற்றில் சாய்ந்து படித்தார்கள். வாடைக்கு அந்துருண்டை வாங்கி இடுக்குகளில் செருகினார்கள். மூக்கு பழகிவிட்டது. மூக்கைப் போல் நன்றி கெட்ட உறுப்பு வேறில்லை.

வீட்டில் மற்ற இடமெல்லாம் தீர்ந்து, மிச்சமிருந்தது பின்னறை. அன்று காலை எல்லோரும் சந்தில் திரண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்று, அவளிடம் ஒரே குரலில் அந்த வார்த்தையைச் சொன்னார்கள். அப்போதுதான் தொடை நிலையைத் தாண்டியது, அவள் மிஷினையாவது காப்பாற்ற ஜன்னலுக்குத் தள்ளினாள். மிஷின் மாட்டிக்கொண்டு நின்றபோது மருந்துக்கடைக்காரர் மனைவி மறுபடி இதமாகச் சொன்னாள்: “கூடப் பிறந்தவரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா.” தொடை ஒரு சாண் முன்னால் வந்தது.

தங்கை அதைக் கவனித்துவிட்டாள். சொன்னது அண்ணன் இல்லை. நகர்ந்தது மட்டும் அண்ணன்.

அவள் மிஷினை விட்டுவிட்டுத் திரும்பினாள். “அண்ணியைக் கூப்பிடுங்க. அண்ணன் அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும், நான் இடத்தைக் காலி பண்றேன்.”

அண்ணி கையில் சாப்பாட்டுத் தட்டோடு சந்துக்கு வந்தாள். அவருக்கு இப்போ பேச முடியாது என்றாள். தூங்குகிறாரா என்று கேட்டதற்குத் தட்டைக் கை மாற்றிப் பிடித்தாள். தங்கை மிஷின் பெட்டியிலிருந்து கோணி தைக்கிற ஊசியை எடுத்தாள். எல்லோரும் பார்க்க, தொடையில் ஊசியின் காது வரை இறக்கினாள். தொடை சிலிர்க்கவில்லை. வீட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரு முனகல் வரவில்லை. ஊசியைப் பிடுங்கியபோது ரத்தமும் வரவில்லை. பழுப்பாக, தடிப்பாக ஒரு துளி வந்து, விழ மனமில்லாமல் தொங்கியது. லாரிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார்.

தங்கை ஊசியைத் துடைக்காமல் அண்ணியையே பார்த்தாள். “இந்தச் சோறு யாருக்கு அண்ணி?”

“எனக்குத்தான்,” என்றாள் அண்ணி. தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். “உங்க அண்ணன் போய் ஆறு வருஷம் ஆச்சு. அன்னைக்கே சொல்லத்தான் வெளியே வந்தேன். இவங்க எல்லாரும் மாடிப்படியில நின்னு, பாவம் மனுஷன், இந்த வருஷமும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்னு பேசிக்கிட்டிருந்தாங்க. உள்ளே போய்ப் பார்த்தேன். செத்தவரு அரையடி வளர்ந்திருந்தாரு. சரி, இவங்களே இவ்வளவு தூரம் பண்றாங்க, நானும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு...”

வாக்கியம் முடிவதற்குள் தொடை மறுபடி நகர்ந்து மிஷினை உந்தியது. இரும்புக் கால் ஜன்னல் சட்டத்தை உடைக்க, மிஷின் சந்தில் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகவே தங்கையும் இறங்கினாள். லாரிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு மிஷினின் மறுபக்கத்தைப் பிடித்தார். அவர்களுக்குப் பின்னால் பின்னறை நிறைந்தது.

மாடிக்குத் திரும்பிய வாத்தியார் முழங்கையிலிருந்து துண்டை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். அறையில் வேறு இடமில்லாததால் மறுபடி அங்கேயே போட்டார்.