வண்ணம் போட்ட பதிப்பு

அக்கா எழுதிய கருவிக்கு அலங்காரம் கிடையாது. கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால், ஒரே கோப்பு எங்கெங்கே இரட்டித்துக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். முகம் தெரியாத நிரலாளர்கள் எத்தனையோ பேர் அதை நம்பி வேலை பார்த்தார்கள். இலவசமாகக் கொடுத்ததுதான். ஆனாலும் அதில் குறை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது.

பராமரிப்பில் தங்கை சேர்ந்த பிறகு வந்த முதல் பதிப்பில் வண்ணம் வந்தது. அழிக்கக் கூடாத கோப்புகள் சிவப்பில் தெரியும். அக்கா அரை மனதோடுதான் தலையாட்டினாள்.

மறுநாள் காலை, குறைகளை எழுதும் பொதுப் பக்கத்தில் ஓர் அச்சகத்துப் பொறியாளர் பிடிபிடியென்று பிடித்திருந்தார். கருவி தரும் பட்டியலை அவருடைய நிரல் ஒன்று வாங்கிப் படிக்கும். கண்ணுக்கு நிறமாகத் தெரிவது நிரலுக்குக் கோப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்ட குப்பை. அந்த நிரல் எந்தக் கோப்பையும் அடையாளம் காண முடியாமல் நின்றுவிட்டது. ‘இதைச் செய்தது யார்? அவரிடமிருந்து வெளியிடும் உரிமையைப் பிடுங்குங்கள்’ என்று முடித்திருந்தார்.

தங்கையின் முகம் தொங்கிப்போயிற்று. “மனுஷங்க பார்க்கறதை மட்டும்தான்க்கா யோசிச்சேன். வண்ணத்தையே எடுத்துடறேன். இனிமே வெளியிடறதை நீயே பார்த்துக்கோ.”

அக்காவின் கணவர் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தார். “மச்சினி கையில கொடுத்தா கருவிக்கே லிப்ஸ்டிக் போட்டுடுவான்னு அப்பவே சொன்னேன்.”

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அக்கா.

‘அது என் தங்கை செய்தது’ என்று ஒரு வரி எழுதினால் அக்காவின் பெயர் தப்பிவிடும். ஆனால் வீட்டுப் பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டுத் தான் நல்ல பெயர் வாங்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. அவள் எழுதினாள்: ‘பதிப்பு எங்கள் இருவருடையது. தவறும் எங்கள் இருவருடையது. உரிமை இருக்கும் இடத்திலேயே இருக்கும். திருத்தம் இன்றே வரும்.’

தங்கை அதைப் படித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வெளியே போறது திரைக்கா, இன்னொரு நிரலுக்கான்னு கருவியாலேயே கண்டுபிடிக்க முடியும்க்கா. திரைன்னா மட்டும் வண்ணம். மத்ததுக்குப் பழையபடி வெறும் எழுத்து.”

“அப்போ வண்ணம் இருக்கட்டும். நேத்து அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் நானே ஒரு கோப்பை அழிக்காம விட்டேன்.”

“இதை நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா தலையில ஏறி உட்கார்ந்துக்குவே. அதுக்கு ஒரு சோதனையும் சேர்த்து எழுது. நாளைக்கு நான் தப்புப் பண்ணாலும் அது என்னைப் பிடிக்கணும்.”

தங்கை எழுதினாள். சோதனைகள் எல்லாம் தேறின. வெளியிடும் கட்டளையைத் தங்கையே தட்டினாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள்.

சாயங்காலம் அச்சகத்துக்காரர் எழுதினார்: ‘சரியாக ஓடுகிறது. காலையில் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். திரையில் அந்தச் சிவப்பு நன்றாகவே உதவுகிறது.’

அடுத்த அறையிலிருந்து யாரும் படிக்கச் சொல்லவில்லை. அக்கா அதை உரக்கப் படித்தாள்.

“காது கேக்குது,” என்றார் கணவர்.

“போதும்க்கா,” என்றாள் தங்கை.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.