யானை இல்லாத வழி

மிளகாய் காயப்போட்டிருந்த முற்றத்தில் லாக்சன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் லுவாங்வா ஆற்றை வரைந்தான். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு, பாலம். பாலத்துக்கு அப்பால் காடு. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து அந்த ஆற்றின் இக்கரையிலேயே வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒருத்திகூட அக்கரைக்குப் போனதில்லை. வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற காடு அது.

இந்த வருடம் மிளகாய் வாங்க வந்த சுற்றுலா விடுதிக்காரர்கள், "ஒருநாள் எங்க வண்டியில நீங்களும் சுத்திப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டார்கள். வண்டி ஓட்டப்போவது எஸ்னார்ட்டின் சொந்தத் தம்பி லாக்சன். மிளகாய் போடும் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி எஸ்னார்ட். ஆகவே ஏற்பாடெல்லாம் அவள் தலையில் விழுந்தது. அவளும் ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா, யாருக்கு என்ன பாக்கணும்?" என்றான் லாக்சன்.

"சிங்கம்!" என்று நாலைந்து குரல்.

"எனக்கு ஒட்டகச்சிவிங்கி."

"சிறுத்தை பாக்கணும்டா தம்பி. பாக்கலேன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

ஃபலேசி மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தாள். அவள் எஸ்னார்ட்டின் பக்கத்து வீடு. போன வருடம் அறுவடை முடிந்த கையோடு யானைகள் வந்து அவள் தானியக் களஞ்சியத்தைச் சரித்துப்போட்டு, அதிலிருந்த சோளம் முழுவதையும் தின்றுவிட்டுப் போயின. அன்றிலிருந்து கலகலப்பான ஃபலேசியைக் காணவில்லை. தேவாலயப் பாட்டுக்குழுவுக்குக்கூட வருவதை நிறுத்திவிட்டாள்.

"உனக்கு என்னடி பாக்கணும்?" என்று எஸ்னார்ட் கேட்டாள்.

"நான் வரல."

"ஏன்?"

"என் சோத்தைத் தின்ன திருடனைப் பாக்க நான் துணி உடுத்திக் கெளம்பணுமா? அதுங்க இருக்கிற பக்கம் நான் வரமாட்டேன்."

லாக்சன் சிரித்துவிட்டான். "அக்கா, அந்தக் காட்டுல யானையைப் பாக்காம வர்றதுன்னா, சந்தைக்குப் போய் ஆளையே பாக்காம வர்ற மாதிரி."

எஸ்னார்ட் தம்பியை முறைத்தாள். "சிரிக்காம யோசி. யானை இல்லாத வழியாப் போடு."

அதன் பிறகு அக்காவும் தம்பியும் மண்ணில் அழித்து அழித்து வரைந்தார்கள். வெயில் ஏற ஏற யானைகள் ஆற்றுக்கு இறங்கும். ஆகவே காலையில் ஆற்றோரம். அவை இறங்குகிற நேரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் புல்வெளி. யானை வரும் பெரிய ஏரிக்கரையில் சாப்பாடு வேண்டாம், கருங்காலித் தோப்பு நிழலில். எஸ்னார்ட் விடாமல் குடைந்து குடைந்து கேட்டதில் லாக்சனுக்கே வியர்த்தது. "வெள்ளைக்காரங்க இவ்வளவு கேக்கமாட்டாங்கக்கா" என்று அலுத்துக்கொண்டான். கடைசியில் ஃபலேசி, "சரி, பாக்கலாம்" என்றாள். எஸ்னார்ட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கிளம்பிய நாளில் எல்லோரும் புது சித்தெங்கே துணி கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். பாலம் தாண்டும்போதே பாட்டு ஆரம்பித்துவிட்டது. வழி சொன்னபடியே அமைந்தது. ஆற்று மணலில் நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. புதர் நிழலில் ஒரு சிங்கம் நாலு காலையும் விரித்து மல்லாந்து தூங்கியது.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர்!" என்றாள் ஒருத்தி. சிரிப்பில் வண்டியே குலுங்கியது. ஃபலேசியின் உதட்டோரம்கூட லேசாக அசைந்ததை எஸ்னார்ட் பார்த்தாள்.

தோப்புக்குப் போகும் வளைவில்தான் மாட்டிக்கொண்டார்கள். மரங்களுக்கு நடுவிலிருந்து சத்தமே இல்லாமல் யானைக் கூட்டம் பாதைக்கு வந்துவிட்டது. முன்னால் நாலு, பின்னால் ஐந்து. லாக்சன் இன்ஜினை நிறுத்தினான்.

"யாரும் அசையாதீங்க. கத்தாதீங்க. அதுவா போயிடும்."

ஃபலேசி விறைத்து உட்கார்ந்திருந்தாள். எஸ்னார்ட் பயந்துபோனாள். யானையை நினைத்தல்ல, பக்கத்தில் இருந்தவளை நினைத்து.

"கத்தக்கூடாதா?" என்றாள் ஃபலேசி பல்லைக் கடித்தபடி.

"கூடாதுக்கா."

"அப்போ மெதுவாத் திட்டுறேன்."

திட்டினாள். கிசுகிசுத்த குரலில், மூச்சு விடாமல். "வெக்கங்கெட்டதே, மழையில முதுகு ஒடிய நின்னு வெதச்சது நான். களை பறிச்சது நான். என் புள்ளைங்க வாயில வெக்கிறதுக்கு முன்னாடி நீ வாரித் தின்ன. தின்னது போதாதுன்னு களஞ்சியத்தையும் மிதிச்ச. உன் வயித்துல இடி விழ!" பெரிய பெண்யானை காதை விரித்து, வண்டியைப் பார்த்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

அதன் காலுக்கடியிலிருந்து ஒரு குட்டி வெளியே வந்தது. பாதையோரப் பள்ளத்தைத் தாண்டப் பார்த்து, சேற்றில் வழுக்கி உட்கார்ந்தது. எழுந்தது. மறுபடி வழுக்கியது. தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வைத்துக்கொண்டது.

"பிடி, பிடி, விழுந்துடப்போகுது!" ஃபலேசி தாய் யானையைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள். "என்னடி அம்மா நீ, கையைக் குடு அதுக்கு!"

தாய் தும்பிக்கையால் குட்டியின் பின்பக்கத்தை நெட்டித் தள்ளியது. குட்டி மேட்டில் ஏறியது. "அப்பாடா" என்று ஃபலேசி நெஞ்சில் கைவைத்தாள்.

வண்டியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஃபலேசி சுற்றிப் பார்த்தாள். தான் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். எஸ்னார்ட்டின் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தவள், கொஞ்ச நேரம் அழவும் செய்தாள். எஸ்னார்ட் அவள் முதுகைத் தடவியபடியே இருந்தாள்.

யானைகள் பாதையைக் கடந்து போயின. லாக்சன் தயங்கித் தயங்கி, "அக்கா, யானை இல்லாத வழின்னு போட்டது தப்பாப்போச்சு" என்றான்.

"பரவால்லடா. எனக்குப் பசிக்குது" என்றாள் ஃபலேசி. "தோப்பெல்லாம் எதுக்கு? அந்தப் பெரிய ஏரிக்கே விடு. தண்ணியைப் பாத்துக்கிட்டு சாப்பிடலாம்."

ஏரிக்கரையில் களியும் நிலக்கடலை போட்ட கீரையும் கருவாடும் பரப்பி உட்கார்ந்தார்கள். ஃபலேசி இரண்டாம் முறை களி கேட்டு வாங்கினாள். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் எதிர்க்கரையில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்து, முன்னங்கால்களை அகட்டி அகட்டி, ரொம்பச் சிரமப்பட்டுத் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தது. எல்லோரும் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் தாழ ஊர் திரும்பியபோது குழாயடியில் கூட்டம் காத்திருந்தது. "என்ன பாத்தீங்க, என்ன பாத்தீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எஸ்னார்ட் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஃபலேசி முன்னால் போய்விட்டாள். சித்தெங்கேயைத் தூக்கிச் செருகி, கால்களை அகட்டி, கழுத்தை நீட்டிக் குனிந்து, அது எப்படித் தண்ணீர் குடித்தது என்று செய்து காட்டினாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்றார்கள்.

அவள் இன்னொரு தடவை செய்தாள்.