தண்ணீர் லாரியும் டெக்சாஸ் சட்டமும்

எங்கள் பிள்ளை ஷ்யாம்சுந்தர் டெக்சாஸுக்குப் போனதிலிருந்து இவருக்கு அந்த ஊர்ச் சட்டம்தான் மூன்று வேளைச் சாப்பாடு. "அங்கே வீட்டுக்குள்ள எவனாவது அத்துமீறி நுழைஞ்சா சுடலாம். கேள்வி முறை கிடையாது. இங்கே திருடனுக்கு வலிக்காம அடிக்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கரப்பான்பூச்சியைக் கண்டால் என்னைக் கூப்பிடுகிற மனுஷர்!

அந்த வறட்சி வருஷம் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே தெரியாது. வந்தால் கிளீனர் ஏசுபாதம் மணியடித்துக் காத்திருக்க மாட்டான். தாமதமானால் அடுத்த தெருக்காரர்கள் டிரைவரோடு சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் சுவரேறிக் குதித்து, தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியை இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்துவிட்டு, அப்புறம்தான் கேட்டைத் திறப்பான். காலனி முழுக்க இதுதான் வழக்கம். ஆனால் தண்ணீர் என் இலாகா. நடுராத்திரியோ விடியற்காலையோ, லாரி வரும் நேரத்தில் இவர் குறட்டை இலாகா.

அன்று விடியற்காலையில் என்றுமில்லாத திருநாளாக இவருக்கு விழிப்பு வந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், கையில் கம்பியோடு ஒருவன் சுவரேறிக் குதிக்கிறான். ஷ்யாமின் பழைய கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மண்டையில் ஒரே போடு. சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தபோது ஏசுபாதம் தரையில் கிடந்தான். இவர் மறுபடியும் மட்டையை ஓங்கியிருந்தார்.

"ஏன்னா, அவன் தண்ணி லாரிக்காரன்!" என்று அலறினேன். ஓங்கிய மட்டை இறங்கவில்லை.

தெருவில் நின்ற தண்ணீர் லாரியிலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போலீஸ்காரர் வந்து, அவனுக்கு நினைவு திரும்பட்டும் என்று காத்திருந்தார். எதிர்வீட்டு வக்கீல் ஸ்ரீரங்கன் இவரைத் தனியே அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"உயிருக்கு ஆபத்துன்னு நியாயமா பயந்தா, நம்ம சட்டத்திலேயும் கொல்ற அளவுக்கு உரிமை இருக்கு சார். கம்பியைப் பார்த்துப் பயந்தேன்னு சொல்லலாம். ஆனா தேவைக்கு மேல ஒரு அடி விழுந்தாலும் அது தற்காப்பு இல்லே. ரெண்டாவது அடி விழாதது உங்க அதிர்ஷ்டம். இப்பவும், அவன் செத்துட்டா கேஸ் எப்படிப் போகும்னு என்னால சொல்ல முடியாது."

தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஏசுபாதம் கும்பிடுகிற சாமியையும் விடவில்லை.

மத்தியானம் அவன் கண்ணைத் திறந்தான். இவரைப் பார்த்ததும், "இன்னா சார், யாருடான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றான். போலீஸ்காரரிடம், "ஆள் தெரியாம அட்ச்சிட்டாரு, உடுங்க" என்று சொல்லிவிட்டான். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் அவன் கையைப் பிடித்தவர், டாக்டர் வந்து விலகச் சொல்லும்வரை விடவில்லை.

சாயங்காலம் ஷ்யாம் போன் பண்ணினான். இவர் நடந்ததைச் சொல்ல, நானும் ரிசீவர் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். "கேஸ் இல்லாம போச்சே, நல்ல வேளைப்பா. இந்த ஊரா இருந்தா அவன் செத்திருந்தாக்கூட உங்களை யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டா."

வழக்கமாக இந்தப் பேச்சைக் கேட்டால் இவருக்கு முகம் மலரும்.

"உங்காத்துல துப்பாக்கி வச்சிருக்கியாடா?"

"இருக்குப்பா. பெட்ரூம் அலமாரியில."

"நம்மாத்துல இல்லேடா. இருந்திருந்தா இன்னிக்கு அவன் கண்ணைத் தொறந்திருக்க மாட்டான்."

ரிசீவரை என்னிடம் நீட்டினார். ஷ்யாம் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார்.