கையெழுத்துக்குப் பக்கத்தில்

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க," என்றார் வக்கீல் அம்மா. "உயில்ல வீடு உங்களுக்கு. சாட்சிக் கையெழுத்து உங்க வீட்டுக்காரரோடது. சொத்து வாங்குறவங்களோட புருஷன் சாட்சி போட்டா அந்தப் பங்கு செல்லாது. 'மற்றதெல்லாம் மகனுக்கு'ன்னு உங்கப்பா எழுதியிருக்காரே, வீடு அந்த மற்றதுல போய் விழுந்துடும்."

புருஷனைக் கையெழுத்துப் போடச் சொன்னதே மகள்தான். அன்றைக்கு "இதோ வர்றேன்" என்ற பக்கத்து வீட்டுக்காரர் கம்பி நீட்டிவிட்டார். இன்னொரு சாட்சியான டாக்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் மாட்டிக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டு, "ஏங்க, கையைத் துடைச்சிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றாள். காரியம் முடிந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் காபி வேறு போட்டுக் கொடுத்தாள்.

பதினோரு வருஷம் அப்பாவை எட்டிப் பார்க்காத அண்ணன், அவர் போன மறுவாரமே வக்கீலோடு வந்து நின்றான். பாசம் அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது போலிருக்கிறது.

"கல்யாணத்தை எப்போ பதிவு பண்ணீங்க?" வக்கீல் அம்மா கேட்டார்.

"உயில் எழுதி ரெண்டு வருஷம் கழிச்சு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ரெண்டு சிநேகிதங்க எதிர்ல மோதிரம் மாத்திக்கிட்டோம். அப்பாவுக்குப் பிடிக்கலை."

"போட்டோ இருக்கா? அந்தச் சிநேகிதங்க?"

"போட்டோ எடுக்கலை. அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது."

வக்கீல் அம்மா முகத்தில் முதல்முறையாகக் களை வந்தது. "நான் எதுவும் சொல்லிக் குடுக்கமாட்டேன். ஆனா கல்யாணம் எப்போன்னு கேட்டா, காகிதத்துல இருக்கிற தேதியைச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அவர் யாருன்னு கேட்டா, வீட்டோட தங்கி வேலை பார்த்த பிளம்பர்னு சொல்லுங்க."

சொல்லிக் கொடுக்காமலேயே இவ்வளவு.

பிளம்பர். அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார். 'மாப்பிள்ளை' என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருநாள் உதிர்ந்ததில்லை. "அந்தப் பிளம்பரை வரச் சொல்லு" என்பார். பிளம்பர் வந்து அவரைத் தூக்கி உட்கார வைப்பார், முகம் மழிப்பார், மலச்சட்டி எடுப்பார். அதற்காகவே கடையை இழுத்து மூடியவர். தூக்கித் தூக்கி இடுப்பு போயிற்று. இந்த வீட்டை விட்டால் இருவருக்கும் போக்கிடம் கிடையாது.

வீட்டில் அவரிடம் சொல்லும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சொல்லிடு," என்றார் அவர். "உங்கப்பா சொன்னதைத்தானே நீயும் சொல்லப்போற?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று தட்டின் முன் உட்கார்ந்தவர் ஒரு வாய் வைக்காமல் எழுந்துவிட்டார்.

நீதிமன்றக் கூண்டில் அவள் சொன்னாள். தேதியைச் சொன்னாள். "அதுக்கு முன்னாடி அவர் வீட்டோட தங்கியிருந்த பிளம்பர்," என்றாள். கடைசி பெஞ்சுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அண்ணனின் வக்கீல் ஒரு உறையிலிருந்து உயிலின் அசலை எடுத்தார். அவள் வீட்டில் இருந்தது கையெழுத்தான அன்றே எடுத்த ஜெராக்ஸ். அசலை அப்பா ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, பிறகு தன் கையாலேயே முத்திரை வைத்துப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

"சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்துல பேனாவால எழுதியிருக்கே, இது யார் எழுத்து?"

அவள் குனிந்து பார்த்தாள். ஜெராக்ஸில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இங்கே, நடுங்கும் கையால் எழுதிய இரண்டே சொற்கள்.

எதிரே வக்கீல் அம்மா தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு ஒருவேளை பிழைக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் வாய் திறக்கவில்லை. பாவி மனுஷன், வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அந்தப் பிளம்பர் காதுபட?

"எங்க அப்பா எழுத்து," என்றாள்.

"படிங்க."

படித்தாள்.

"கேக்கலைம்மா, சத்தமா," என்றார் நீதிபதி.

வீடு போய்விட்டது. இனி யாருக்குப் பயம்? அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்து, கட்டிடம் அதிரும்படி படித்தாள்:

"என் மருமகன்."

கடைசி பெஞ்சில் இருந்த பிளம்பர், பெரியவர் கூப்பிட்டுவிட்டார் என்பது போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். சேவகர் உட்காரச் சொல்லி இரண்டு முறை கையைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.